வோல்டா ரெடோண்டா: அந்த ஆலை யாருக்குச் சொந்தம்?

பிரேசில் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது பீலே, கார்னிவல், அமேசான் காடு, மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் ஏசு. வேலை நிமித்தமாகச் சில வருஷங்கள் ரியோ டி ஜெனிரோவில் இருந்தவன் நான். அந்தக் கடற்கரையும் மலையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நாட்டில் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்ட ஊர் எது என்று கேட்டால், சுற்றுலாக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் உருக்காலை ஊரைத்தான் சொல்வேன். வோல்டா ரெடோண்டா. ரியோவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பிரேசிலில் இதற்கு ‘உருக்கு நகரம்’ என்று பெயர். மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

இந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று நண்பர்களுக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ரியோவிலிருந்து சாவோ பாலோ போகும் டுட்ரா நெடுஞ்சாலையில் பஸ் ‘செர்ரா தாஸ் அராராஸ்’ மலைப்பாதையில் ஏறும்வரை இருபுறமும் அடர்ந்த காடு. ஏறி முடித்ததும் காட்சி மாறிவிடும். மொட்டை மொட்டையாகக் குன்றுகள். அவற்றில் மாடுகள் நடந்து நடந்து படிக்கட்டு போல ஆகிவிட்ட தடங்கள், ஆள் உயரத்துக்குக் கறையான் புற்றுகள். இயற்கையாக மொட்டையான குன்றுகள் இல்லை இவை. பாராயிபா டோ சுல் ஆற்றின் இந்தப் பள்ளத்தாக்குதான் 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே காபி கொடுத்தது. காட்டை வெட்டி எரித்து, சரிவில் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் காபி நட்டார்கள். மழை வந்தபோதெல்லாம் மேல்மண் ஆற்றில் இறங்கியது. நட்டதும் பறித்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1888-இல் அடிமைமுறை ஒழிந்தபோது மண்ணும் ஏற்கெனவே செத்திருந்தது. காபி சாவோ பாலோ பக்கம் நகர்ந்தது. பெரிய பண்ணை வீடுகள் பாழடைந்தன. பக்கத்து மாநிலமான மினாஸ் ஜெராயிஸிலிருந்து வந்தவர்கள் நிலத்தை மலிவாக வாங்கிப் பால்மாடு வளர்த்தார்கள். ஆறு பெரிய வளைவாகத் திரும்பும் ஓரிடத்தில் ஒரு ரயில் நிலையம், கொஞ்சம் வீடுகள். பார்ரா மான்ஸா நகராட்சியின் ஒரு மூலை. 1940 வரை வோல்டா ரெடோண்டா என்றால் அவ்வளவுதான்.

அங்கே எப்படித் தென் அமெரிக்காவின் மிகப்பெரிய உருக்காலை வந்தது என்பது ஒரு பேரத்தின் கதை. பேரம் பேசியவர் ஜெட்டூலியோ வர்காஸ். 1930-இல் ஆட்சியைப் பிடித்து, 1937 முதல் வெளிப்படையான சர்வாதிகாரியாகவே இருந்தவர். காபி விற்று இரும்பு வாங்கும் நாடு கடைசிவரை கைகட்டித்தான் நிற்கவேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். பிரேசிலிடம் உலகின் மிக நல்ல இரும்புத் தாது மலைமலையாக இருந்தது. தண்டவாளமும் தகடும் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தன. ஆலை கட்ட வருவதாகச் சொல்லி ஆய்வெல்லாம் செய்த அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1940 ஜனவரியில் பின்வாங்கியது. அதே ஆண்டு ஜூன் 11 அன்று, ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வர்காஸ் ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் நின்று பேசினார். பழைய உலகம் முடிகிறது, புதியது வருகிறது என்ற தொனி. ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் ஆலை கட்டித்தரத் தயாராக இருக்கிறது என்ற செய்தியும் கூடவே உலவியது. வாஷிங்டன் பதறியது. செப்டம்பரில் அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி 2 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்திட்டது. பிறகு அது இன்னும் கூடியது. 1942-இல் பிரேசில் நேச நாடுகள் பக்கம் போரில் இறங்கியது. வர்காஸின் சர்வாதிகாரத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். சிறையும் சித்திரவதையும் அவர் ஆட்சியின் அன்றாடம். ஆனால் இரண்டு வல்லரசுகளின் நடுவே நின்று, தன் நாட்டுக்கு ஓர் ஆலையைப் பிடுங்கிக்கொண்டு வந்த சாமர்த்தியத்தை மறுக்க முடியாது.

சரி, ஆலை ஏன் இந்த ஆற்று வளைவில்? தாது மினாஸ் ஜெராயிஸின் ‘காஸா டி பெட்ரா’ சுரங்கத்திலிருந்து ரயிலில் இறங்கும். நிலக்கரி தெற்கே சாண்டா கத்தரினாவிலிருந்து கப்பலில் ரியோவுக்கு வந்து ரயிலேறும். உருக்கு வாங்கப்போகும் ரியோவும் சாவோ பாலோவும் இதே ரயில் பாதையின் இரண்டு நுனிகள். தண்ணீருக்கு ஆறு. ராணுவத்தினருக்கு இன்னொரு காரணமும் இருந்தது: கடலிலிருந்து எதிரிக் கப்பலின் பீரங்கி எட்டாத தூரம். இதற்கெல்லாம் மேல், ரியோ மாநிலத்தை அப்போது ஆண்ட அமரால் பெய்ஷோட்டோ, வர்காஸின் மருமகன். இந்தக் காரணத்தைப் பொறியாளர்களின் அறிக்கைகளில் பார்க்க முடியாது. ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

1941 ஏப்ரலில் தேசிய உருக்கு நிறுவனம், சுருக்கமாக சி.எஸ்.என்., அரசு நிறுவனமாகப் பிறந்தது. கட்டுமானத்தை நடத்தியவர் எட்முண்டோ டி மசேடோ சோரெஸ் என்ற ராணுவப் பொறியாளர். வேலைக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெரும்பாலும் மினாஸின் கிராமங்களிலிருந்து, மண்வெட்டி தவிர வேறு கருவி பிடித்தறியாத விவசாயக் கூலிகள். அவர்களை ‘அரிகோ’ என்று அழைத்தார்கள். ஊர் ஊராய்ப் போகும் ஒரு பறவையின் பெயர் என்பார்கள். முதலில் ஏளனமாக இருந்தது; அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். போர்க்காலம் என்பதால் ஆலை ராணுவ முக்கியத்துவம் கொண்டதாக அறிவிக்கப்பட்டது. சொல்லாமல் வேலையை விட்டுப் போவது படையைவிட்டு ஓடுவதற்குச் சமம். மரப்பலகைக் கொட்டகைகளில் தூங்கி, சேற்றில் நின்று, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அமெரிக்காவிலிருந்து வர வர அவர்கள் ஓர் ஊரையே எழுப்பினார்கள்.

ஆலை 1946-இல் ஓட ஆரம்பித்தது. அதற்குள் வர்காஸ் பதவியிலிருந்து இறக்கப்பட்டுவிட்டார். அக்டோபர் 12 அன்று திறந்துவைத்தவர் அடுத்துத் தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி டுட்ரா. இன்று நெடுஞ்சாலைக்குப் பெயராக இருப்பவரும் அவர்தான்.

ஊரை வரைந்தவரைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அட்டிலியோ கொர்ரேயா லிமா. கொயானியா நகரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர். வோல்டா ரெடோண்டாவின் குடியிருப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். தன் வரைபடம் ஊராவதை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1943-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் போட்ட திட்டத்தை நடந்து பார்த்தால்தான் புரியும். ஆற்றங்கரையோரம் நீளமாக ஆலை. அதன் வாசலிலிருந்து ஊரின் மையம், விலா சாண்டா செசிலியா. தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 14-ஆம் தெரு, 33-ஆம் தெரு. இன்றும் எல்லோரும் அப்படித்தான் வழி சொல்கிறார்கள். பொறியாளர்களுக்கு ‘லரன்ஜால்’ குன்று: மரநிழல், பெரிய தோட்டம், காற்றோட்டம். விருந்தினருக்கும் மேலதிகாரிகளுக்கும் ‘பெலா விஸ்டா’ குன்றும் அதன் மேலே ஒரு ஹோட்டலும். தொழிலாளிக்குச் சமதரையில் ‘கொன்ஃபோர்டோ’ போன்ற பகுதிகளில் வரிசை வீடுகள். ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொன்னால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவனின் பாட்டி கொன்ஃபோர்டோவில் இருந்தார். அந்த ஊருக்கு என்னை முதலில் அழைத்துப் போனவன் அவன்தான். பாட்டி மினாஸிலிருந்து சிறுமியாக வந்தவர். அப்பா கட்டுமானக் கூலி, கணவர் தகடு உருட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வர்காஸ் படம் மாட்டியிருந்தது. சர்வாதிகாரி படத்தை எப்படி மாட்டலாம் என்று பேரன் அவரோடு ஒவ்வொரு தடவையும் வாதாடுவான். அவர் காபிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, “மகனே, இவனுக்குச் சரித்திரம் தெரியும், எனக்குச் சேறு தெரியும்” என்பார். அவருடைய அப்பாவுக்கு முதன்முதலாகச் சம்பளப் பட்டியலில் பெயர் வந்ததும், பிள்ளைகளுக்கு டாக்டர் கிடைத்ததும், கூரையில் ஓடு ஏறியதும் அந்த ஆளால் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை.

நிறுவனம் அந்தக் காலத்தில் எல்லாமுமாக இருந்தது. மருத்துவமனை, தொழிற்பள்ளி, மளிகை, பால் பண்ணை, கிளப், நீச்சல்குளம், தெருவிளக்கு, குப்பை அள்ளுவது வரை அதன் பொறுப்பு. ‘உருக்குக் குடும்பம்’ என்று அதிகாரிகள் பேசுவார்கள். குடும்பத்துக்கு வெளியே ஓர் ஊரும் கூடவே வளர்ந்தது. ஆற்றின் மறுகரையில், நிட்டெரோய், ரெட்டிரோ போன்ற பகுதிகளில், ஆலையில் வேலை கிடைக்காதவர்களும் கடைக்காரர்களும் தாமாகக் கட்டிக்கொண்ட வீடுகள். அங்கே சாக்கடையும் கிடையாது, திட்டமும் கிடையாது. அந்தக் கரையில் நின்று பார்த்தால் இந்தக் கரையின் ஒழுங்கு உறுத்தும். 1954 ஜூலை 17 அன்று வோல்டா ரெடோண்டா தனி நகராட்சியானது. தெருவும் தண்ணீரும் அதற்குப் பிறகும் நிறுவனத்தின் கையில்தான். 1960களின் கடைசியில்தான் அவற்றை நகராட்சியிடம் விட்டது. வீடுகளையும் அதையொட்டித் தொழிலாளிகளுக்கே விற்றது. பெற்றோர் கைவிட்ட மாதிரி இருந்தது என்று அந்தத் தலைமுறை சொல்லும். எனக்கென்னவோ ஊர் தன் காலில் நிற்கத் தொடங்கியதே அப்போதுதான் என்று படுகிறது.

1964-இல் ராணுவம் நாட்டைப் பிடித்தது. உருக்கு நாட்டுப் பாதுகாப்பு விவகாரமானது. தொழிற்சங்கத் தலைவர்கள் துரத்தப்பட்டார்கள். 1973-இல் வோல்டா ரெடோண்டா ‘தேசப் பாதுகாப்புப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து பறிக்கப்பட்டு, 1985-இல்தான் திரும்பி வந்தது. பக்கத்து பார்ரா மான்ஸாவின் ராணுவ முகாமில் 1972-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது: சொந்தப் படைவீரர்களில் நான்கு பேரை அதே முகாமின் அதிகாரிகள் சித்திரவதை செய்தே கொன்றார்கள்.

அந்த இருட்டில் வாய் திறந்தவர் ஒரு பிஷப். டோம் வால்டிர் கலேரோஸ். 1966-இல் இந்த மறைமாவட்டத்துக்கு வந்து 1999 வரை இருந்தவர். கைதானவர்கள் எங்கே என்று முகாமின் வாசலில் போய்க் கேட்பார். விசாரணை என்று ராணுவம் அவரையே அலைக்கழித்தது. தேவாலயத்தின் கூடங்கள்தான் அந்த வருஷங்களில் தொழிலாளிகள் கூடிப் பேச இருந்த ஒரே இடம். 1980களில் எழுந்த தொழிற்சங்க எழுச்சிக்கு விதை அங்கே போடப்பட்டது.

சி.எஸ்.என்.னின் முதல் வேலைநிறுத்தம் 1984-இல்தான் நடந்தது. ஆலை ஓட ஆரம்பித்து 38 வருஷம் கழித்து! ‘உருக்குக் குடும்பம்’ என்ற பேச்சும் துப்பாக்கியும் சேர்ந்து அவ்வளவு காலம் கட்டிப்போட்டிருந்தன. மடை திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் போராட்டம். சங்கத் தலைவர் ஜுவரெஸ் அன்ட்யூனஸ் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். புதிய அரசியல் சாசனத்தை எழுதிய அவையில் அவர் ஓர் உறுப்பினர். 1988 அக்டோபர் 5 அன்று அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு வரி: இடைவிடாமல் ஷிப்ட் மாறி மாறி ஓடும் வேலைகளுக்கு ஆறு மணி நேரமே வேலைநாள்.

உருக்காலைக்கு இந்த வரி எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். ஊது உலையை இரவில் அணைத்துவைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. வருஷக்கணக்கில் நிற்காமல் எரியும். அதனால் மனிதன்தான் மாறவேண்டும்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நள்ளிரவு. எட்டு மணி நேரம் அனல் முன்னால். தூக்கம் கெட்டு, பசி கெட்டு, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் முகம் பார்க்காத வாழ்க்கை. ஆறு மணி நேரம் என்பது அவர்களுக்குச் சட்டப் புத்தகத்தின் வரி இல்லை, வீட்டில் கிடைக்கப்போகும் இரண்டு மணி நேரம்.

நிறுவனம் அதை உடனே கொடுக்கவில்லை. பணவீக்கம் தின்ற சம்பளத்தை ஈடுகட்டுவது, முந்தைய போராட்டங்களில் நீக்கியவர்களைத் திரும்ப எடுப்பது என்ற கோரிக்கைகளும் சேர்ந்தன. நவம்பர் 7 அன்று தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே இருந்துகொண்டு வேலையை நிறுத்தினார்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் கற்றிருந்தார்கள். உலைகள் குளிர்ந்து கெட்டுவிடாமல் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ராணுவம் வந்தது. நவம்பர் 9 மாலை, விலா சாண்டா செசிலியாவின் தெருக்களில் கூடியிருந்த மக்களை அடித்து விரட்டிவிட்டு, இரவில் ஆலைக்குள் நுழைந்து சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். வில்லியம் ஃபெர்னாண்டஸ் லெய்டே, வயது 22. வால்மிர் ஃப்ரெய்டாஸ் மொன்டெய்ரோ, வயது 27. கார்லோஸ் அகஸ்டோ பர்ரோஸோ, வயது 19. இவர் மண்டையை உடைத்துக் கொல்லப்பட்டவர். நாட்டில் ஜனநாயகம் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரசியல் சாசனத்துக்கு வயது 35 நாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் குணத்தை எனக்குக் காட்டியது. மூன்று பிணம் விழுந்த பிறகும் வேலைநிறுத்தம் உடையவில்லை. நவம்பர் 15 அன்று நகராட்சித் தேர்தல். ஜுவரெஸ் அன்ட்யூனஸ் மேயராக வென்றார். அந்தத் துப்பாக்கிச் சூட்டின் கோபம் நாடு முழுக்க ஓட்டுப்பெட்டியில் இறங்கியது. சாவோ பாலோவில் யாரும் எதிர்பாராத விதமாகத் தொழிலாளர் கட்சியின் லூயிஸா எருண்டினா மேயரானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். நவம்பர் 22 அன்று ஊர் ஆலையைக் கட்டிப்பிடித்தது. வர்ணனைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பல்லாயிரம் பேர் கைகோத்து ஆலையைச் சுற்றி நின்றார்கள்.

நண்பனின் பாட்டியும் அதில் நின்றவர். ஒரு கையை ஒரு வங்கி குமாஸ்தா பிடித்திருந்தாராம், இன்னொரு கையை மகளுடைய பள்ளி டீச்சர். “உள்ளே ராணுவம் இருக்கிறது என்று பயமில்லையா?” என்று கேட்டேன். “ராணுவம் எங்கிருந்தோ வந்தது, திரும்பிப் போகும். ஆலை எங்களுடையது. அதற்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் போனோம்” என்றார். தொழிலாளிகளைக் காப்பாற்றவா ஆலையைக் காப்பாற்றவா என்று நான் குடைந்தேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த ஊரைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

அடுத்த நாள்களில் போராட்டம் முடிந்தது. ஆறு மணி நேர ஷிப்ட் கிடைத்தது. ஜுவரெஸ் ஜனவரி 1 அன்று மேயர் நாற்காலியில் அமர்ந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 21 அன்று சாலை விபத்தில் இறந்தார். ஊரில் பலர் அதை விபத்து என்று ஏற்றதே இல்லை.

இறந்த மூவருக்கும் நினைவுச்சின்னம் எழுப்ப ஆஸ்கர் நிமெயரைக் கேட்டார்கள். பிரசிலியா நகரின் கட்டடங்களை வடித்த அதே நிமெயர், வாழ்நாள் கம்யூனிஸ்ட். வடிவமைத்துத் தந்தார். 1989 மே தினத்தன்று, ஆலைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் திறப்பு விழா. விழாக் கூட்டம் கலைந்து, விடிவதற்குள் குண்டு வெடித்தது. சுற்றுவட்டாரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கான்கிரீட் அடியோடு பெயர்ந்து விழுந்தது. அந்தக் குண்டுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. புதிதாக ஒன்று செய்துதரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நிமெயர் அதை விரும்பவில்லை. விழுந்ததையே தூக்கி நிறுத்துங்கள், உடைந்த இடம் உடைந்தபடியே தெரியட்டும் என்றார்.

அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறேன். தூரத்தில் வழவழப்பான நிமெயர் பாணிக் கான்கிரீட்தான். நெருங்கினால்தான் விரிசல்கள். விழுந்த காயங்கள் பூசி மறைக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அதைத் தாண்டித்தான் ஷிப்ட் மாறும் தொழிலாளிகள் போகிறார்கள். அந்தச் சதுக்கத்துக்கு இப்போது ஜுவரெஸின் பெயர். எட்வார்டோ கொட்டின்யோ என்ற பெரிய ஆவணப்பட இயக்குநர், செர்ஜியோ கோல்டன்பெர்குடன் சேர்ந்து அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி 1989-இல் ஒரு படமே எடுத்தார். கிடைத்தால் பாருங்கள்.

பிறகு வந்தது விற்பனை. 1993 ஏப்ரல் 2 அன்று சி.எஸ்.என். ஏலத்தில் தனியார் கைக்குப் போனது. வாங்கிய கூட்டணியில் முக்கியமானது விகுன்யா என்ற துணி உற்பத்திக் குழுமம். அதன் பெஞ்சமின் ஸ்டெய்ன்புருக் இன்றுவரை நிறுவனத்தின் முகம். எதிர்ப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே சங்கத் தேர்தலில் தனியார்மயத்தை ஆதரித்த அணி வென்றிருந்தது. தொழிலாளிகளுக்கும் பங்கு கிடைக்கும் என்றார்கள். நான்கு வருஷம் முன்னால் ஆலையைக் கட்டிப்பிடித்த ஊர் எப்படி அதை விட்டுக்கொடுத்தது என்று வெளியாட்கள் கேட்பார்கள். நஷ்டம், வேலைநீக்கம், ஆலையையே மூடிவிடுவோம் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து ஊர் களைத்துப்போயிருந்தது. ஆலை இருந்தால் போதும் என்று நினைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான வில்லங்கம் கையெழுத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏலத்தில் போனது உலையும் உருளையும் மட்டுமில்லை. ஊருக்குள் நிறுவனத்தின் பெயரில் இருந்த காலி மனைகள், கிளப்புகள், விளையாட்டுத் திடல்கள், ‘சிக்குட்டா’ காடு எல்லாமே கூடவே போயின. ஊரின் நடுவே நிற்கும் உயரமான தலைமை அலுவலகக் கட்டடம் ஆளில்லாமல் பாழாகக் கிடந்தது. மூன்று தலைமுறை நீச்சல் பழகிய கிளப்பின் நிலம் யாருக்கு என்று நீதிமன்றத்தில் வழக்கு. தாத்தா போட்ட செங்கல்லுக்குப் பேரன் வாதாட வேண்டியிருக்கிறது. விற்றவர்கள் இதை யோசிக்கவே இல்லையா என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

தூசியின் கதை இன்னும் பெரிது. ஊர்க்காரர்கள் அதைக் ‘கறுப்புப் பொடி’ என்கிறார்கள். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஜன்னல் விளிம்பு, கார் கூரை, கொடியில் காயும் துணி என்று எங்கும் படியும். போராட்டக் கூட்டங்களில் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள்: அந்தப் பொடியை ஒரு தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் பொடி மயிர்க்கூச்செறிவது போல் எழுந்து நின்று பின்னாலேயே ஓடும். 1980களில் கோக் அடுப்புப் பகுதியில் பென்சீன் ஆவியால் வெள்ளை அணுக்கள் குறைந்து வேலையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஏராளம். அரசு நிறுவனமாக இருந்த காலத்திலேயே நடந்தது அது. மாசு தனியாரோடு வந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் நிறுவனம் சங்கத்துக்குக் கொடுத்த நிலத்தில் தொழிலாளிகள் வீடு கட்டினார்கள். அந்த வோல்டா கிராண்டி 4 குடியிருப்பின் அடியில் ஆலைக்கழிவு கிடக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. மக்களுக்கு ஆபத்தில்லை என்பது நிறுவனத்தின் வாதம்.

பிரசிலாண்டியா பகுதியில், ஆற்றையொட்டி, உலைக் கசடு 20 மீட்டருக்கும் மேல் மலையாகக் குவிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே ஆற்றுத் தண்ணீர்தான் கொஞ்ச தூரம் கீழே, பார்ரா டோ பிராயில், பம்ப் செய்யப்பட்டு குவாண்டு ஆற்றின் வழியாக ரியோ பெருநகரத்துக்குக் குடிநீராகப் போகிறது. கொபாகபானா கடற்கரை ஹோட்டலில் குழாயைத் திறப்பவர்கள் எல்லோரும் அந்தக் கசட்டு மலையைத் தாண்டி வந்த தண்ணீரைத்தான் திறக்கிறார்கள். வோல்டா ரெடோண்டாவின் மாசு வோல்டா ரெடோண்டாவின் பிரச்சினை மட்டும்தான் என்று ரியோவாசிகள் இவ்வளவு காலம் எப்படி நினைத்தார்களோ, எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்கும் இது சோகமான ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் 14-ஆம் தெருவில் நடந்தால் நிற்க இடமிருக்காது. 1976-இல் தொடங்கிய கால்பந்து கிளப்பை ‘வோல்டாசோ’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். 2005-இல் ரியோ மாநிலப் போட்டியில் ஜாம்பவான்களைத் தாண்டி இறுதிக்கு வந்து, கடைசி நேர கோலில் ஃப்ளூமினென்ஸிடம் கோப்பையை இழந்தார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவர்களுக்குக்கூடக் குரல் உடையும். 2024-இல் நாட்டின் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை வென்று அந்த வருத்தத்தைக் கொஞ்சம் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய ஸ்டேடியம். பார்வையாளர் படிகளுக்கு அடியில் மருத்துவமனைப் பிரிவுகள், வகுப்பறைகள், உடற்பயிற்சிக்கூடம். மேட்ச் இல்லாத நாளிலும் வயதானவர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கோடிகள் கொட்டிக் கட்டி வருஷத்தில் பாதி நாள் பூட்டிவைக்கும் மைதானங்களை நினைத்துப் பார்த்தால், இந்த யோசனை ஏன் எல்லா ஊருக்கும் வரவில்லை என்று தோன்றும்.

சிக்குட்டா காட்டையும் மறக்கக்கூடாது. ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில், காபிக்கும் மாட்டுக்கும் தப்பிப் பிழைத்த அட்லாண்டிக் காட்டின் துண்டு. 1985 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஊளையிடும் குரங்குகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

2022 ஏப்ரலில் ஆலைக்குள் மறுபடியும் வேலை நின்றது. இந்த முறை சங்கத் தலைமையை எதிர்த்தே தொழிலாளிகள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து இறங்கினார்கள். நிறுவனம் பலரை வேலையை விட்டு நீக்கியது. நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 1988-ஐப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

ரியோவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். பெரிய பஸ் நிலையத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். இடதுபக்க ஜன்னலா வலதுபக்க ஜன்னலா என்று யோசிக்க வேண்டாம், மொட்டைக் குன்றுகள் இரண்டு பக்கமும் வரும். விலா சாண்டா செசிலியாவில் இறங்கி நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டு, நடந்தே லரன்ஜால் ஏறி, பிறகு கொன்ஃபோர்டோவுக்கு இறங்குங்கள். நேரமிருந்தால் பாலம் தாண்டி மறுகரையின் ரெட்டிரோவையும் பாருங்கள். நவம்பர் 9-ஐ ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு மூவரையும் நினைத்துச் சதுக்கத்தில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.